பட்டம் வாங்காத பேராயர்

பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945)

மலருக்கு ஒரு கட்டுரை வேணும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது முதலில் ஹாஸ்டல் நினைவுகளை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். மெஸ் சாம்பாரில் தேடித்தேடிக் கண்டுபிடித்த பருப்பு, செமஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி ஜெராக்ஸ் கடை வாசலில் நின்ற கூட்டம், ரிசல்ட் ஒட்டிய போர்டு முன்னால் விட்ட பெருமூச்சு எல்லாம் மனதில் வந்தன. ஆனால் அதை எழுத என்னைவிட நல்ல கைகள் நம்ம பேட்சிலேயே இருக்கின்றன. அதனால் வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் கல்லூரியில் படித்தவர் இல்லை. படித்த கல்லூரியிலும் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவர். ஆனாலும் பட்டம் வாங்கின நாம் எல்லோரும் ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டியவர் என்று நினைக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் வேலை விஷயமாக ஆந்திரா, தெலங்கானா பக்கம் அடிக்கடி போகவேண்டியிருந்தது. கொத்தகூடெம் பக்கம் ஒரு சைட். சென்னையிலிருந்து போனால் விஜயவாடா தாண்டி, கம்மம் தாண்டி, டோர்னக்கல் ஜங்ஷனில் இறங்கி வேறு வண்டி பிடிக்கவேண்டும். ஒரு நாள் அந்த வண்டி மூன்று மணி நேரம் லேட். டீ குடித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம், இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் புரிந்தது இதுதான்: பெரிய சர்ச் ஒன்று இருக்கிறது, உங்கள் தமிழ்க்காரர் கட்டினது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரன். சின்ன வயதில் சண்டே ஸ்கூலில் அசரியா பேராயர் என்ற பெயரை மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன். முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் என்ற ஒரு வரி மட்டும் தெரியும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கை இருக்கும் என்று அதுவரை யோசித்ததே இல்லை. ஆட்டோ பிடித்துப் போனேன். அன்று பார்த்ததைப் பிறகு சொல்கிறேன். முதலில் மனிதரைப் பார்ப்போம்.

வெள்ளாளன்விளையிலிருந்து சென்னைக்கு

திருச்செந்தூர் தேரிக்காட்டுப் பக்கம் வெள்ளாளன்விளை என்று ஒரு கிராமம். அங்கே 1874 ஆகஸ்ட் 17ம் தேதி பிறந்தார் அசரியா. அப்பா தாமஸ் வேதநாயகம் அந்த ஊர்ச் சபையின் குருவானவர். அம்மா பெயர் எலன். பல வருஷம் காத்திருந்து ஜெபித்துப் பெற்ற ஆண் பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள். வேதாகமம் படித்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும்.

நாடார் குடும்பம். அந்தக் காலத்தில் அந்தச் சமூகத்துக்குக் கோயில் வாசல் மூடிக்கிடந்தது; பொதுவீதியிலும் ஆயிரம் கட்டுப்பாடு. பள்ளிக்கூடமும் சபையும் அந்த மக்களுக்குப் புது வழியைத் திறந்தன. இது பின்னணி. இதை மறந்துவிட்டால் இவர் பிற்காலத்தில் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்பது புரியாது.

1889ல் அப்பா இறந்துபோனார். பையனுக்கு அப்போது பதினைந்து வயதுதான் இருக்கும். அதன் பிறகு அம்மாவின் வளர்ப்புதான். கண்டிப்பான அம்மா. ஜெபமும் வேத வாசிப்பும் சாப்பாடு மாதிரி, ஒரு வேளை தவறக்கூடாது. மெஞ்ஞானபுரம், திருநெல்வேலி என்று மிஷன் பள்ளிகளில் படித்துவிட்டுச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். எடுத்த பாடம் கணிதம்.

இப்போது நம்ம மாணவர்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கவும். கடைசித் தேர்வு நேரத்தில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. கணிதத் தேர்வை எழுத முடியவில்லை. பட்டம் இல்லாமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தார். திரும்பப் போய் எழுதவும் இல்லை. நம் பாஷையில் சொன்னால், கடைசிவரை கிளியர் பண்ணாத அரியர்! பிறகு 1920ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது என்பது வேறு கதை. அரியர் வைப்பதற்கு இதை யாரும் ஆதாரமாகக் காட்டவேண்டாம். ஒரு தேர்வு போனதோடு ஒரு வாழ்க்கை போய்விடுவதில்லை என்பதற்கு மட்டும் காட்டலாம்.

யாழ்ப்பாணத்தில் பட்ட வெட்கம்

1895ல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகச் சேர்ந்தார். தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். அடுத்த வருஷம் அமெரிக்காவிலிருந்து ஷெர்வுட் எட்டி என்ற வாலிபர் அதே வேலைக்கு வந்தார். வசதியான வீட்டுப் பிள்ளை. இவரோ பனைமரத்து மண்ணின் பிள்ளை. இருவரும் உயிர் நண்பர்கள் ஆனார்கள். ஒன்றாகப் பயணம் செய்தார்கள், ஒன்றாக ஜெபித்தார்கள், ஒருவர் குறையை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டார்கள். வெள்ளைக்காரரும் இந்தியரும் அப்படிப் பழகுவது அன்று சாதாரணம் இல்லை. இந்த நட்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1898ல் அவருக்குத் திருமணம். மணப்பெண் அன்பு மாரியம்மாள் சாமுவேல். அந்தப் பகுதியில் கல்லூரிப் படிப்பைத் தொட்ட முதல் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். வரதட்சணை வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். கல்யாணமும் மிக எளிமையாக நடந்தது. 1898 என்பதை இன்னொரு தடவை படியுங்கள். இன்றைக்கு நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்தப் பேச்சு எடுபட்டது என்று அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

1902ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் சொந்தக் காசில், தங்களில் ஒருவரை வெளியிடத்துக்கு ஊழியத்துக்கு அனுப்பும் ஒரு சங்கம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் இவருக்கு வெட்கமாகிவிட்டது. திருநெல்வேலிச் சபை எவ்வளவு பெரியது! எத்தனை தலைமுறையாக வெளிநாட்டார் பணத்தில் பள்ளியும் ஆஸ்பத்திரியும் சபையும் நடக்கிறது! வாங்கி வாங்கிப் பழகிய கை இதுவரை யாருக்காவது கொடுத்திருக்கிறதா? இந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

ஊருக்குத் திரும்பினார். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. கொள்கை ரொம்ப எளிது: ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது. வெளிநாட்டுக் காசு ஒரு பைசா வேண்டாம். பனையேறுகிறவரும் பதநீர் காய்ச்சுகிற அம்மாவும் கொடுத்த அணாக்களில் அந்தச் சங்கம் நடந்தது. இன்றும் நடக்கிறது. 1905 கிறிஸ்துமஸ் அன்று வங்காளத்தில் செராம்பூரில், வில்லியம் கேரியின் பழைய நூலகத்தில், தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியதிலும் இவருக்கு முக்கியமான பங்கு உண்டு. கே.டி. பால் போன்றவர்கள் உடன் இருந்தார்கள்.

திருநெல்வேலிச் சங்கம் ஊழியத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம், அன்று நிஜாம் ராஜ்யத்தில் இருந்த டோர்னக்கல். 1904ல் முதல் ஊழியர் போனார். தெரியாத மொழி, தெரியாத சாப்பாடு, காடும் காய்ச்சலும்.

அனுப்பியவரே போனார்

இங்கேதான் எனக்கு இவர் மேல் மரியாதை அதிகமானது. கமிட்டி போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, அடுத்தவர் பிள்ளையை அனுப்பி வைப்பது சுலபம். கூட்டம் கூட்டமாகப் பேசிப் பேசி வாலிபர்களை எழுப்பிவிட்ட அசரியாவுக்கு ஒரு நாள் தன்னையே பார்க்கவேண்டியதாயிற்று. எல்லோரையும் போகச் சொல்கிற நான் ஏன் போகவில்லை? இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. 1907ல் டோக்கியோ மாணவர் மாநாடு வரை போய்வந்த மனிதர், நாடறிந்த செயலாளர், 1909ல் பதவியை விட்டுவிட்டு மனைவி மக்களோடு டோர்னக்கல் போய்ச் சேர்ந்தார். தெலுங்கு கற்றுக்கொண்டார். அதே வருஷம் குருப்பட்டம் பெற்றார்.

அங்கே அவர்கள் யார் நடுவில் வேலை செய்தார்கள்? பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவர்கள். நிலம் இல்லை, படிப்பு இல்லை, கடன் மட்டும் பரம்பரைச் சொத்து. அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டு, அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள் அசரியாவும் அன்பு அம்மாளும்.

எடின்பரோவில் கேட்ட ஒன்று

1910ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு. சுமார் 1200 பிரதிநிதிகள். அதில் ஆசியாக்காரர்கள் இருபது பேர்கூட இல்லை. அதில் ஒருவர் அசரியா. வயது 35.

வெளிநாட்டு ஊழியர்களும் இந்திய ஊழியர்களும் சேர்ந்து உழைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது நன்றியுரை. அவர் நன்றியும் சொன்னார். வெளிநாட்டு ஊழியர்களின் தியாகத்தை வாயாரப் பாராட்டினார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. சம்பளம் கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்ற உறவுக்கு மேலே நம் உறவு வளரவில்லையே என்று கேட்டார். பல வருஷம் ஒரே ஊரில் ஒன்றாக வேலை செய்தும் இவர் வீட்டுக்கு அவர் வருவதில்லை, அவர் வீட்டு மேஜையில் இவருக்கு இடம் இல்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார். கடைசியில் அவர் கேட்டது பணமும் இல்லை, கட்டடமும் இல்லை. நட்பைத்தான்.

அரங்கத்தில் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. நன்றிகெட்ட பேச்சு என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் பகையால் பேசினவர் இல்லை அவர். எட்டியின் நட்பை அனுபவித்தவர். அப்படி ஒரு நட்பு சாத்தியம் என்று தெரிந்ததால்தான் அது இல்லாத இடம் அவருக்கு வலித்தது. நூறு வருஷம் தாண்டியும் அந்த மாநாட்டில் பேசிய எத்தனையோ பெரிய மனிதர்களின் பேச்சு மறந்துபோக, இந்தத் திருநெல்வேலிக்காரரின் பேச்சு மட்டும் இன்னும் நினைக்கப்படுகிறது.

பேராயர் ஆனார், கிராமத்தான் ஆகவே இருந்தார்

சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் இவரைப் பேராயராக்க வேண்டும் என்று முயற்சி எடுத்தார். எதிர்ப்பு இரண்டு பக்கமும் கிளம்பியது. ஓர் இந்தியருக்குக் கீழே வெள்ளைக்காரர் எப்படி வேலை செய்வது என்று சில மிஷனெரிகள் கேட்டார்கள். அதைவிட வருத்தமான விஷயம், நம்ம ஆட்களிலேயே சிலர் இவர் பிறந்த சாதியைக் காட்டி எதிர்த்தார்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் கரையாத அழுக்கு அது. எல்லாவற்றையும் தாண்டி 1912 டிசம்பர் 29ம் தேதி கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். வயது 38. இந்திய ஆங்கிலிக்கன் சபையில் ஒரு திருமண்டலத்தின் பொறுப்பில் 1945ல் அவர் சாகும்வரை வேறு இந்தியர் யாரும் வைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த நாற்காலி எவ்வளவு தனிமையானது என்று புரியும்.

பெரிய பதவி வந்தாயிற்று. அடுத்து என்ன? பங்களா, தோட்டம், பட்லர் என்று போயிருக்கலாம். இவர் மாட்டு வண்டி ஏறினார். சைக்கிள் மிதித்தார். விடியுமுன் எழுந்து ஜெபித்துவிட்டுக் கிராமம் கிராமமாகப் போனார். மரத்தடியில் ஆராதனை. கேள்வி கேட்பார், பதில் சொல்ல வைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட வேத சம்பவத்தைத் தன் வாயால் கதையாகச் சொல்லவேண்டும்.

ஞானஸ்நானம் பெற்றவர் ஒவ்வொருவரும் தன் தலையில் கை வைத்து, தான் அறிந்த சுவிசேஷத்தை அடுத்தவருக்குச் சொல்வேன் என்று உறுதி எடுப்பார்கள். பாதிரியார் செய்வார், நாம் பார்த்துக்கொண்டிருப்போம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. அதே மாதிரி காணிக்கை. அன்னாடங்காய்ச்சிகளிடம் போய்க் காணிக்கை கேட்பதா என்று சிலருக்குத் தோன்றலாம். ஏழை என்பதற்காக ஒருவனைக் கொடுக்காதே என்று சொல்வது அவனை அவமானப்படுத்துவது என்பது அசரியாவின் எண்ணம். உலை வைக்கும்போது வீட்டு அம்மா ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார். வாரக் கடைசியில் அது கோயிலுக்கு வரும். அறுவடைப் பண்டிகையில் நெல்லும் கோழியும் ஆடும் வரும். நேற்றுவரை கையேந்தி நின்றவன், தன் சபைக்கும் ஆசிரியருக்கும் தானே சோறு போடுகிறேன் என்று நிமிர்ந்து நின்றான். கிறிஸ்தவன் கொடுப்பதைப் பற்றி அவர் தனிப் புத்தகமே எழுதினார்.

நாலு பேய்களை விரட்டவேண்டும் என்பது அவர் அடிக்கடி எடுத்த பாடம்: அழுக்கு, நோய், கடன், குடி. பக்தி என்றால் ஞாயிற்றுக்கிழமை பாட்டு மட்டும் இல்லை. திங்கட்கிழமை வீடு பெருக்கியிருக்கிறதா, சாராயக் கடைக்குப் போகாமல் இருந்தாயா, வட்டிக்காரனிடமிருந்து வெளியே வர வழி பார்த்தாயா, பெண்டாட்டியை அடிக்காமல் இருந்தாயா, அதுவும் பக்தியில் சேர்த்தி. அதற்காகப் பள்ளிகள், மருந்தகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், அச்சகம் எல்லாம் வந்தன. அன்பு அம்மாள் பெண்கள் நடுவில் செய்த வேலை இதில் பாதிக்குக் குறையாது. ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே தாய்மார் சங்கத்தையும் பெண் பிள்ளைகளின் படிப்பையும் கவனித்தார். பேராயர் பெயர் மட்டும் கல்லில் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயரும் இருக்கவேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய இந்தியக் குருமார்தான் இருந்தார்கள். 1935 வாக்கில் சுமார் 250 இந்தியக் குருமார், 2000க்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்கள். திருமண்டலத்தின் கிறிஸ்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தொட்டார்கள்.

குறைகளும் உண்டு

ஒரு மனிதரைப் பற்றி எழுதும்போது அபிஷேகம் செய்து சிலையாக்கிவிடக் கூடாது. அசரியாவிடம் கண்டிப்பு அதிகம். தன் முடிவே முடிவு என்று நின்ற சமயங்கள் உண்டு. ஆங்கிலேயச் சபையின் ஜெபப் புத்தகத்திலும் ஒழுங்கிலும் அவருக்குப் பற்று அதிகம். அதனால் வெள்ளைக்காரர் சாயல் என்று விமர்சித்தார்கள். தெலுங்கு மண்ணில் தமிழர் தலைமை என்ற மனத்தாங்கலும் இருந்தது. எல்லாவற்றையும்விட, மாலாவுக்கும் மாதிகாவுக்கும் இடையே இருந்த சண்டை சபைக்குள்ளும் வந்தது. ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கினவர்கள் வெளியே வந்து தனித்தனியாக நின்றார்கள். அவர் எவ்வளவோ போராடியும் அது முழுதும் போகவில்லை. இன்றும் நம் சபைகளில் போகவில்லை என்பதை ஒத்துக்கொள்வதுதான் நேர்மை.

1930களில் மதமாற்றம் குறித்துக் காந்தியடிகளோடு அவருக்குக் கடும் கருத்து வேறுபாடு இருந்தது. ஏழை மக்கள் யோசித்து முடிவெடுக்கும் தகுதி இல்லாதவர்கள் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. அதே சமயம் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையையும் எதிர்த்தார். தனி வட்டம் போட்டுக்கொண்டு அதற்குள் பத்திரமாக இருப்பதற்குப் பெயர் சபை இல்லை என்பது அவர் நிலை. இந்த வாதங்களில் யார் பக்கம் நியாயம் என்று நம் நண்பர்களுக்குள் பல அபிப்பிராயம் இருக்கும், இருக்கட்டும். ஆனால் ஆதாயம் பார்த்துப் பேசினவர் இல்லை என்பதை எதிர்ப்பக்கத்தாரும் ஒத்துக்கொள்வார்கள்.

டோர்னக்கலில் நான் பார்த்தது

இப்போது அந்த மூன்று மணி நேரத்துக்கு வருகிறேன். டோர்னக்கல் இப்போது தெலங்கானாவில் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. ஆட்டோ நின்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்த எனக்கு, இது சர்ச்சா, மசூதியா, கோயிலா என்று ஒரு நிமிஷம் குழப்பம். மசூதியை நினைவுபடுத்தும் கும்பங்களும் ஸ்தூபிகளும். உள்ளே போனால் கோயில் மண்டபம் போலத் தூண்கள், கல்லில் தாமரை. நடுவில் சிலுவை. நம்மூரில் பார்த்த ஊசிக் கோபுரச் சர்ச்சுகளைப் போல ஒன்றுமே இல்லை. இந்த மண்ணில் வளர்ந்த எல்லாக் கலையும் ஆண்டவர் முன்னால் வரலாம் என்று கல்லில் சொல்லியிருக்கிறார்கள்.

சிவில் என்ஜினியர் ஆனதால் என் புத்தி உடனே காலக்கெடுவுக்குத் தாவிற்று. 1914 வாக்கில் தொடங்கிய வேலை, 1939 ஜனவரி 6ம் தேதிதான் பிரதிஷ்டை. கால் நூற்றாண்டு! நம் கம்பெனியில் என்றால் அபராதம் போட்டே ஆளைத் தீர்த்திருப்பார்கள். ஆனால் ஏன் இவ்வளவு நாள் என்று யோசித்தேன். பணம் வந்தபோதெல்லாம் பள்ளிக்கும் கிராமத்துக்கும் போக எத்தனை தேவை இருந்திருக்கும்! கட்டடம் காத்துக்கொண்டது, மனிதர்கள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நான் கட்டிய எந்தக் கட்டடத்தைப் பற்றியும் என்னால் இப்படிச் சொல்ல முடியாது.

அங்கேயே வளாகத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1945 ஜனவரி 1ம் தேதி காய்ச்சலில் இறந்தார். அவர் கடைசிவரை ஆசைப்பட்ட ஒன்றைப் பார்க்கவில்லை. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் சில குருமார் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாகவேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அதற்கு முன்நின்றவர் அசரியா. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரகேஷனல், பிரஸ்பிட்டேரியன் என்பதெல்லாம் மேல்நாட்டில் யாரோ போட்ட சண்டை, அதை நம் கிராமத்தான் ஏன் சுமக்கவேண்டும் என்பது அவர் கேள்வி. 28 வருஷம் பேச்சுவார்த்தை. 1947 செப்டம்பர் 27ம் தேதி சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது அவர் போய் இரண்டே முக்கால் வருஷம் ஆகியிருந்தது. விதைத்தவர் வேறு, அறுத்தவர் வேறு.

அந்தக் கல்லறைப் பக்கம் நின்றபோது எனக்குச் சைட் ஞாபகம் வந்தது. அப்போது என் கீழே நாற்பது பேர் வேலை செய்தார்கள். பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். நான் கெட்டவன் இல்லை. சம்பளம் நேரத்துக்கு வாங்கிக் கொடுப்பேன், ஹெல்மெட் இல்லாமல் ஏறவிட மாட்டேன், அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். ஆனால் ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பத்துப் பேர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எடின்பரோவில் அந்த மனிதர் யாரைப் பார்த்துப் பேசினாரோ, அந்த நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று புரிந்தது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற நான்!

மறுநாள் மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கம்பி கட்டுகிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சினிமா மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அவர்களுக்குச் சங்கடம், எனக்கு அதைவிடச் சங்கடம். இரண்டு பேர் எழுந்து நின்றேவிட்டார்கள். பேச்சு வர ஒரு வாரம் ஆயிற்று. அதில் ஒரு பையன் பன்னிரண்டாவது பாஸ் பண்ணியவன், டிப்ளமா சேர்ந்து பணம் இல்லாமல் விட்டவன் என்பது இருபதாவது நாள்தான் தெரிந்தது. ஏழு மாதமாக என் கண் முன்னால் கம்பி வளைத்துக்கொண்டிருந்தவன்.

நமக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கத்தில் எல்லா மதத்தவரும் இருக்கிறோம், மதமே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறோம். அசரியாவின் விசுவாசத்தை எல்லோரும் ஏற்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. என்னைப் பொறுத்தவரை அது இல்லாமல் அவர் இல்லை. ஆனால் அவர் வாழ்க்கையிலிருந்து இரண்டு விஷயத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, பிடி அரிசி. இந்த ரீயூனியனில் மேடையில் பெரிய செக் கொடுக்கும் நண்பர்களுக்கு என் வணக்கம். ஆனால் செக் கொடுக்க முடியாதவர்கள் ஓரமாக நின்று கைதட்டிவிட்டுப் போய்விடுகிறோம். மாதம் ஒரு சினிமா டிக்கெட் காசை எடுத்து வைத்தால் போதும். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்தை நம் பேட்ச் ஒவ்வொன்றும் ஏற்றுக்கொள்ளலாம். செயற்குழு இதை யோசிக்கவேண்டும்.

இரண்டாவது, அந்தப் பணத்தோடு நாமும் போகவேண்டும். நம் காசில் படிக்கிற தம்பி தங்கைகள் பெயர் நமக்குத் தெரியவேண்டும். ஊருக்கு வந்தால் நம் வீட்டில் சாப்பிடவேண்டும். வேலை இல்லாத நாளில் கூச்சம் இல்லாமல் நமக்குப் போன் பண்ணவேண்டும். எனக்கு மூன்றாம் வருஷத்தில் இரண்டு அரியர் விழுந்தபோது ஒரு சீனியர் அண்ணன் ஹாஸ்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாக ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் சொல்லிக் கொடுத்தார். பண உதவி ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவரை நான் மறக்க முடியுமா? இந்த விழாவுக்கு அவரும் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். முதல் வேலையாக அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி பிடிக்கவேண்டும்.

நாம் எல்லோரும் அப்படிப் பக்கத்தில் உட்காரப் பழகிக்கொண்டால் இந்த விழா நடந்ததற்கு அர்த்தம் உண்டு.

– சிவில் பிரிவு, 2010ம் ஆண்டு அணி